ஹில்க்கா பேசாத குளிர்காலம்

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் என் பூனை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் காரணம் நான். பூனையைப் படமெடுத்துப் படமெடுத்தே கணினியை நிரப்பி வைத்திருந்தேன். புதிய விளையாட்டு ஒன்றை ஏற்றியதும் அது மூச்சுத் திணற ஆரம்பித்தது. எதையாவது அழித்தாக வேண்டும். பூனை மேல் கை வைக்க மனம் வரவில்லை. ஆகவே விளையாட்டுக்குள்ளேயே நுழைந்து, எனக்குப் புரியாத பெயர் கொண்ட ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். புரியாததை எல்லாம் தேவையில்லாதது என்று முடிவு கட்டுவது விமர்சகர்களின் தொழில் வியாதி.

அந்த ஃபோல்டரில் இருந்தவை, விளையாட்டில் வரும் ஹில்க்கா என்ற அம்மாள் பேச வேண்டிய அத்தனை வரிகளும். என் தோழி சிர்க்கு மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியவை. அவை மொத்தமாகப் பிடித்திருந்த இடத்தைப் பிற்பாடு பார்த்தேன். பூனை கொட்டாவி விடும் ஒரே ஒரு படத்தில் பாதிகூட இல்லை.

2

என் பெயர் தைஸ்தோ. போர் என்று அர்த்தம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு, துப்பாக்கியே இல்லாத விளையாட்டுகளைப் பற்றி வாராவாரம் எழுதுகிறேன். எங்கள் ஊரான தாம்பெரேயிலிருந்து போகும் அந்த மின்மடலைப் படிக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே டிராமில் ஏற்றிவிடலாம். பாதிப் பேருக்கு ஜன்னலோரமும் கிடைக்கும்.

என்ன மாதிரி விளையாட்டுகள்? பனியில் யாரோ தவறவிட்ட கையுறையை எடுத்து வேலிக்கம்பில் மாட்டிவிட்டுப் போவோமே, அந்தக் கையுறையாக நாம் இருக்கும் விளையாட்டு ஒன்று. செய்வதற்கு எதுவும் இல்லை. உரியவர் வருகிறாரா என்று பார்த்தபடி நனைய வேண்டும். இன்னொன்றில், நின்றுபோன லிஃப்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசிக்க வேண்டும். (அதில் இன்றுவரை தோற்றுக்கொண்டிருக்கிறேன்.)

சிர்க்குவும் இல்போவும் சேர்ந்து செய்தது 'கரையோரம்'. எழுத்து அவள், மற்றதெல்லாம் அவன். குளிர்காலம், உறைந்த ஏரி. நீங்கள் ஒரு குடிலுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். தினமும் மாலையில் விறகு சுமந்து, கரையிலுள்ள சவுனா என்னும் ஆவிக்குளியல் அறையின் அடுப்பை மூட்டி, பலகையில் உட்கார்ந்து, சூடான கல் மேல் நீர் ஊற்றி வியர்க்க வேண்டும். அண்டை வீட்டு ஹில்க்கா வந்து பக்கத்தில் உட்காருவாள். வருகிற வழியில், கவிழ்த்துப் போட்டிருக்கும் ஒரு பச்சைப் படகின் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் வருவாள். அவ்வளவுதான் விளையாட்டு.

என் கணினியில் ஹில்க்கா வாயே திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை. வேறு நாட்டுக்காரனாக இருந்தால் இரண்டாம் மாலையே 'என்னவோ கெட்டுப்போயிருக்கிறது' என்று இல்போவுக்கு எழுதியிருப்பான். நான் சவுனாவில் வளர்ந்தவன். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கோடை முழுக்க அருகருகே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமல், உயிருக்கு உயிராக இருந்தவர்கள். வாய் திறக்காமல் வியர்த்துக்கொண்டிருந்த ஹில்க்காவைப் பார்த்ததும், அட, இவளை எனக்கு முன்பே தெரியுமே என்றுதான் தோன்றியது.

'இந்த வருடத்தின் மிகத் துணிச்சலான மௌனம்' என்று தலைப்பிட்டு எழுதினேன். பச்சைப் படகுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி: 'வெண்மையின் நடுவே அந்தப் பச்சை, மனிதன் கைவிட மறுக்கும் கோடையின்—' (மேற்கோளை இங்கே நிறுத்துகிறேன். எனக்கே கூசுகிறது.)

3

இந்தக் கதையை வேறு விதமாகத் தொடங்கியும் பார்த்தேன்.

'ஏரி உறைந்திருந்தது. அதைவிட உறைந்திருந்தது சிர்க்குவின்—' இல்லை. சிர்க்கு கோபத்தில் உறைகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் காபி போடுவாள்.

'கலை என்பது இருப்பதைக் காட்டுவதா, அல்லது இல்லாததை—' இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே முதல் பத்தியில் மூடிவிடுவேன்.

'சிர்க்குவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவளுக்கு என்னை—' (இதை எப்படி முடிப்பது என்று இருபது வருடமாகத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

4

என் மடலை யாரோ பகிர, அதை வேறு யாரோ பகிர, 'பேசாத விளையாட்டு' என்று கரையோரத்துக்குப் பெயர் பரவிவிட்டது. ஆசையாக வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். 'மௌனம் என்றார்கள், இந்தம்மா முதல் நாளே உருளைக்கிழங்கைப் பற்றி ஆரம்பிக்கிறாளே' என்று ஒருவர் எழுதினார். 'இவள் வாயை அடைக்கப் பொத்தான் எங்கே?' என்று இன்னொருவர்.

பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் இருக்கும் அவர்களுடைய அறைக்கு என்னை வரச்சொன்னார்கள், கணினியோடு. இல்போ அதைத் திறந்து கொஞ்ச நேரம் துழாவினான்.

"டேய், என்னடா இது? வசனம் மொத்தமும் எங்க?"

"எந்த வசனம்?"

"எந்த வசனமா! ஹில்க்கா பேசறது. ஃபோல்டரையே காணோம்."

"அவ பேசுவாளா?"

சிர்க்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யாருக்கெல்லாம் காபி?"

"அழிச்சியா?" என்றான் இல்போ.

"இடம் பத்தல. ஆனா ஒண்ணு, அது இல்லாம ஆட்டமே நின்னு போயிருக்கணும் இல்ல? நல்லாத்தானே ஓடிச்சு?"

"எப்படி நிக்கும்? வரி கிடைக்கலைன்னா பேசாம உக்காந்திருன்னு நான் எழுதி வெச்சிருக்கேனே. அசையாது. என் வேலை அவ்ளோ உறுதி!" என்று பெருமையாகத் தொடங்கியவன், சிர்க்குவின் முதுகைப் பார்த்துவிட்டு அடங்கினான்.

"சிர்க்கு," என்றேன். "நான் கெடுத்துட்டேனா?"

"உனக்குப் பால் வேணுமா, வேண்டாமா?"

5

இந்த இடத்தில் இல்போ என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முந்தைய வரைவில் அவன் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, 'மௌனம்தான் விற்கிறது சிர்க்கு' என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அவனுக்கு அனுப்பியும் வைத்தேன். அடுத்த நிமிடம் போன் வந்தது.

"நான் எப்படா கையத் தேச்சேன்?"

"கதைக்கு ஒரு வில்லன் வேணும்டா."

"அதான் நீ இருக்கியே! அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் தேடற? ஒழுங்கா எழுது. எடுக்கச் சொல்றது அவ. மாட்டேங்கறது நான்."

ஒழுங்காக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை விளையாட்டின் புதிய பதிப்பு வெளியாகிறது. அதில் ஹில்க்காவின் வரிகள் எல்லாவற்றையும், எல்லாருக்கும், நீக்கிவிடச் சொன்னாள் சிர்க்கு. அவள் சொன்னதை இல்போ அப்படியே எனக்குச் சொன்னான்: "வாய மூடினாத்தான் அவளப் பிடிக்கும்னா, மூடிட்டுப் போகட்டும். நானும் இனிமே எழுதல. நீ தனியாவே செஞ்சுக்கோ. மரத்த வரை, மேகத்த வரை."

சொல்லி முடித்துவிட்டு இல்போ, "அவ எழுதலைன்னா நான் யாருக்குடா மரம் வரையறது?" என்றான்.

(வாசகரே, ஒருவர் எழுதியவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தது அவர் எழுதாத பகுதிதான் என்று அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அதையும் ஊருக்கே கேட்கும்படி, தலைப்புப் போட்டு?)

6

வசனத்தோடு ஆடிப் பார்த்தாயா என்று சிர்க்கு என்னைக் கேட்கவே இல்லை. நானும் ஆடவில்லை. பயம்தான். பிடிக்காமல் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பிடித்துப்போனால் என் கட்டுரை என்னாவது?

திங்கட்கிழமை, பூனையின் படங்களை அழித்துவிட்டு விளையாட்டை மறுபடி ஏற்றினேன். (பூனை பக்கத்தில்தான் படுத்திருந்தது. அதற்கு இதில் எந்த வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.)

ஹில்க்கா பேசினாள். நிறையவே பேசினாள், மறைக்க மாட்டேன். உருளைக்கிழங்கு, தபால் பெட்டி, முட்டி வலி. முதல் மாலை எனக்கு எரிச்சலாக இருந்தது. பேசாத ஹில்க்காவிடம் என்ன கம்பீரம்! இவள் என்னடாவென்றால், "தம்பி, நீ தண்ணி ஊத்தற லட்சணத்துக்கு மீன்கூட வேகாது," என்கிறாள். மூன்றாம் மாலை என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஐந்தாம் மாலை அவள் வரத் தாமதமானபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுக்கு ஏன் பச்சை என்று கேட்க ஒரு வாய்ப்பு இருந்தது. கேட்டேன். "தபால் பெட்டிக்கு அடிச்சது போக பெயிண்டு மிச்சம் இருந்துச்சு." மனிதன் கைவிட மறுக்கும் கோடை அத்தோடு போயிற்று.

கடைசி மாலை. அடுப்பு தணிந்திருந்தது. ஆவிக்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"பெயிண்டு மிச்சம்னது பொய். அக்கரையில என் தங்கச்சி இருக்கா. எங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. இந்தப் படகு பளிச்சுனு தெரிஞ்சா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். அதுக்குத்தான் பனியத் தள்ளிட்டே இருக்கேன்."

விளையாட்டு முடிந்துவிட்டது. இதே படகை, இதே துடைப்பத்தை, முன்பு ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பரவசப்பட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு தங்கச்சி இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: வெள்ளிக்கிழமை வசனங்கள் போய்விடுகின்றன. எல்லாரும் பாராட்டுகிறார்கள். சிர்க்கு வேறு வேலைக்கு— (இதை எழுதக் கை வரவில்லை.)

இரண்டாம் முடிவு: ஃபோல்டரை நான்தான் அழித்தேன் என்று என் மடலில் எழுதுகிறேன், உலகம் மனம் மாறுகிறது. எழுதியும் அனுப்பினேன். வந்த முதல் பதில்: 'சுவையான தகவல். மௌனப் பதிப்பு எப்போது?'

மூன்றாம் முடிவு: நான் நேராக சிர்க்குவிடம் போய்— (இதில் இரண்டு பேர் பேச வேண்டும். பேச்சு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் வாசகரே, முடிவு உங்கள் பொறுப்பு என்று எழுதி, இந்த முடிவுகளை மட்டும் சிர்க்குவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: 'புதன்கிழமை நாலு மணி, ஏரிக்கரைப் பொதுச் சவுனா. சாப்பிட்டுட்டு வராதே.'

8

மேல் பலகையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஒரு பெரியவர், கம்பளித் தொப்பியோடு.

"உன் முடிவு மூணுமே உதவாது," என்றாள்.

"எது கொஞ்சம் பரவாயில்ல?"

"கொஞ்சம் நகரு. கால் சுடுது."

நகர்ந்தேன். "சிர்க்கு, நான் கெடுத்துட்டேனா, இல்லையா?"

"ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு முழுக் கரண்டி ஊற்றினாள். ஆவி வந்து காதைக் கடித்தது.

"அவன் கேட்டதுக்கு ஏதாவது சொல்லிட்டு ஊத்தும்மா," என்றார் பெரியவர். "எங்க காது என்ன பாவம் பண்ணுச்சு?"

வெளியே ஓடினோம். ஏரியின் பனிக்கட்டியை அறுத்து வைத்திருந்த துளையில் அவள் நிதானமாக இறங்கி ஏறினாள். நான் கத்திக்கொண்டே இறங்கி, கத்திக்கொண்டே ஏறினேன். பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கறுப்பு சாசேஜ் சாப்பிட்டோம். எங்கள் உடம்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

அழகான மன்னிப்பு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். (அது இந்த இடத்தில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.) வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அந்தத் தங்கச்சி வந்தாளா?"

"எந்தத் தங்கச்சி?"

"ஹில்க்காவோட தங்கச்சி. அக்கரையில இருக்காளே. படகப் பாத்தாளா? வந்தாளா, வரலையா? நீ பாட்டுக்கு அங்கயே நிறுத்திட்ட. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

சிர்க்கு சாசேஜைத் தட்டில் வைத்தாள். "பேச்சோட ஆடினியா?"

"ஆடினேன்."

"முழுசா?"

"முட்டி வலி உள்பட."

அவள் ஏரியைப் பார்த்தாள். "இத்தன பேர் எழுதினாங்க. பேசறாளே, பேசறாளேன்னு. என்ன பேசினான்னு ஒருத்தரும் கேக்கல, தைஸ்தோ."

"நான் கேக்கறேன்ல? பதில் சொல்லு. காபி வேணுமான்னு மட்டும் கேட்டுடாத, மறுபடியும் தண்ணியில விழுந்துடுவேன்."

(வாசகரே, முடிவை உங்களிடம் கொடுத்திருந்தேன் அல்லவா? தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது என்னுடையதும் இல்லை.)

"நீ பண்ணினதுக்கு இன்னும் கோவம் இருக்கு. அது வேற," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வந்தா. ஐஸ் உடையற வரைக்கும்கூடக் காத்திருக்கல, ஏரி மேலயே நடந்து வந்தா. வாசல் வரைக்கும் வந்துட்டு, என்ன பேசறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் நின்னா. ஹில்க்காதான் முதல்ல பேசினா. அத இன்னும் எழுதல. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடுவேன்."