மூன்று இடங்களில் 'வோஸ்'

2012 ஓகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. நான் செய்த ஒரு திருத்தத்துக்காகக் கஜந்தியின் இடத்தைப் பல்கலைக்கழகம் பறிக்கப் போகிறது. இது அநியாயம். அந்த அநியாயத்தில் என் பங்கு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கஜந்தி, கிரவீன் புறநகரில் என் வீட்டுக்கு மேல்மாடியில் தாய் செல்வமலருடன் இருக்கிறாள். இந்த நாட்டுக்குப் படகில் அகதிகளாக வந்தவர்கள், தற்காலிகமான பிரிட்ஜிங் விசாவில் நாட்களைத் தள்ளுபவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டே பல்கலைக்கழக முதலாமாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைப் படிக்கும் இருபது மாணவருள் அவளும் ஒருத்தி. அதில் சித்தியெய்தினால் அடுத்த ஆண்டு கட்டணமின்றி அனுமதி. அந்த வீட்டுக்கு வேறு கதவு கிடையாது.

நான் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் அல்லன். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. என்னிடம் பிரின்ரர் இருந்தது, அவ்வளவுதான். இறுதிக் கட்டுரையைப் பென் டிரைவில் கொண்டுவந்து தந்தவள், "அங்கிள், உங்கட பிரின்ரரும் உங்களை மாதிரித்தான். ஒவ்வொரு வரிக்கும் நிண்டு யோசிக்குது" என்று பகிடி பண்ணிவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

கட்டுரை தகப்பனைப் பற்றியது. ஜெயதீபன் தபால்காரர். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் பெயர் பதிந்துவிட்டு அவர்களின் பஸ்ஸில் ஏறியவர். அதன் பின் தகவல் இல்லை. ஊரும் பாலமும் பஸ்ஸும் இறந்தகாலத்தில் இருந்தன. தகப்பன் வரும் மூன்று வாக்கியங்களில் மட்டும் 'இஸ்' என்று நிகழ்காலம் இருந்தது. முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கணம் படிப்பித்தவன் நான். ஒரே பந்தியில் காலம் மாறுவதை என் கை பொறுக்கவில்லை. மூன்றையும் இறந்தகால 'வோஸ்' ஆக்கி, அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி வைத்தேன். அவள் பிரித்துப் பாராமலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதல் வரைவு விரிவுரையாளரிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், வேறு கை பட்டிருக்கிறது, அது விதிமீறல் என்று அவளை அழைத்தார்கள். எது மாறியது என்று அவளுக்குச் சொல்லவில்லை, எனக்கு விளங்கியது. நேற்று நானும் போனேன். திருத்தியவன் நானே என்றும், இது களவு அன்று, காலப் பொருத்தம் என்றும் எடுத்துரைத்தேன். கஜந்தி தாளை வாங்கி மூன்று இடங்களையும் பார்த்தாள். பிறகு தமிழில், என்னிடம் மட்டும் கேட்டாள்:

"அம்மா இண்டைக்கும் குங்குமம் வைச்சவ. அவவுக்கு முன்னால இதை வாசிப்பியளோ, அங்கிள்?"

மாடிப்படியில் நாள்தோறும் எதிர்ப்படும் நெற்றி அது. நான் கவனித்ததில்லை.

அவர்கள் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அங்கேயே இருந்து முதல் பந்தியைக் கைப்பட எழுதினால் அவளுடைய எழுத்துத்தான் என்று ஏற்பதாகச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். நான் வெளியே கதிரையில் இருந்தேன். அவள் எழுந்து வந்தபோது தாளில் இரண்டே சொற்கள் இருந்தன: 'மை ஃபாதர்'.

ரயிலில் காரணம் கேட்டேன். 'இஸ்' என்று எழுதப் போனால் என்னுடைய 'வோஸ்' கண்ணுக்குள் வருகிறது என்றாள். பெண்டில் ஹில் நிலையத்தில் இறங்கி எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

அந்தப் பந்தியை எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை பத்து மணி கடைசித் தவணை. என் பிழைக்கு என்னைத் தண்டியுங்கள் என்று நேற்றே அனுப்பிய மின்னஞ்சலுக்கு, விதி மாணவருக்கே உரியது என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. இன்று காலை மேல்மாடிக் கதவைத் தட்டினேன். செல்வமலர் தேத்தண்ணி தந்து, மகளின் கட்டுரை எப்படி என்று விசாரித்தார். நல்லது என்றேன். அதற்குமேல் எனக்கு ஒரு வினைச்சொல்லும் வரவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் ஒரு தாளை எடுங்கள். எழுவாய் தரப்பட்டிருக்கிறது: 'மை ஃபாதர்'. பயனிலையை வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதி எனக்கு அனுப்புங்கள். 'இஸ்' என்று எழுதுபவர் அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து என் திருத்தத்தை அழிக்கும் வழியையும் சொல்லவேண்டும். 'வோஸ்' என்று எழுதுபவர் என்னுடன் மாடியேறி வந்து, செல்வமலரின் முகத்தைப் பார்த்து, அதை உரக்க வாசியுங்கள்.