நாகூருக்கு முடிந்த மாதிரிக் காசு

வடக்கே தாபோடியில் பழைய, அபூர்வ நாணய வியாபாரம் செய்யும் ஷேக் முகைதீனின் மகள் ஃபரீனுக்கு இருபது வருஷமாகப் பதினாறு வயதுதான். நம்பாதவர்கள் ஸ்டேஷனில் இறங்கி எந்த ரிக்‌ஷாக்காரரையும் கேட்டுப் பார்க்கலாம். வெங்காய விலை சொல்வதுபோலச் சொல்வார்.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. பிள்ளை அனலாகக் கிடந்தபோது, மேலப்பாளையத்துக்காரியான தாய் ஹபீபா, நாகூர் எஜமானுக்கு நேர்ந்துகொண்டு, பச்சைத் துணியில் ஒரு காசை முடிந்து பீரோ கைப்பிடியில் கட்டினாள். எஜமானுக்குப் போய் அழுக்குக் காசைக் கொடுப்பதா என்று புருஷன் சட்டைப்பையைத் துழாவி, இருந்ததிலேயே பளபளப்பானதை எடுத்தாள். அங்கேதான் வந்தது வினை. அது ஏதோ ஓர் அணையின் பொன்விழாவுக்காக மாதிரிக்கு அடித்துப் பார்த்து, வேண்டாமென்று அரசாங்கம் நிறுத்திவிட்ட காசு. ஒரு கடையைக் கண்டதில்லை, செலவுக்கென்று ஒரு கை மாறியதில்லை.

காய்ச்சல் அன்றைக்கே விட்டது. காணிக்கை செலுத்தக் கிளம்பினார்கள். ரிக்‌ஷா ஸ்டேஷனை அடைந்தபோது நடுவில் உட்கார்ந்திருந்த ஃபரீனைக் காணோம். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூட்டிப்போனாலும் அதே கதை. முகைதீன் தனியே நாகூர் போய்க் காசை உண்டியலில் போட்டார். அவர் வீடு திரும்புவதற்குள் அது வந்து பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தது. காய்கறிக்காரி முதல் டோல்காரன் வரை நீட்டிப் பார்த்தார். செல்லாது என்று எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபரீனுக்கு முகத்தில் பளபளப்பு ஏறிக்கொண்டே போனது, பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஜன்னலோரம் நின்றால் எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்தது. கூடப் படித்தவர்கள் கைக்குழந்தைகளோடு பார்க்க வந்தார்கள், பயந்துபோய் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் ஹபீபா கேட்டாள்: "ஏங்க, நாம மௌத்தாப் போனா இவளுக்கு யாரு இருக்கா? அதே மாதிரி காசு இன்னொண்ணு கெடைக்குமா பாருங்க."

எதற்கென்று முகைதீனுக்குப் புரிந்தது. காசு கிடைத்த பிறகும் கிடைக்கவில்லை என்றே இரண்டு வருஷம் பொய் சொன்னார். கடைசியில் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்துவிட்டார். ஹபீபா கை, கால், முகம் கழுவி ஒளு செய்துகொண்டு, காசைத் தன் பேருக்கு முடிந்து, மகளுடையதற்குப் பக்கத்தில் கட்டினாள். அதோடு அவளும் வாசற்படி தாண்டவில்லை, அவள் முகத்திலும் பளபளப்பு ஏறியது.

முகைதீனுக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. போன வாரம் கேஸ் கொண்டுவந்த புது ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் உங்கள் பெண்களா சாச்சா என்று இந்தியில் கேட்டான். முகைதீன் ஆமாம் என்று சொல்லி, காலி சிலிண்டரை எடுத்துக் கொடுத்தார்.