கீழே ஓடும் எழுத்து

"வெளி டிவியெல்லாம் உள்ளே கொண்டுவரக் கூடாது" என்றார் கடைக்காரர். பிரேக்குக்காரர் அதற்குள் கொண்டுவந்து இறக்கியே விட்டிருந்தார்.

போர்வை சுற்றிய டிவி கண்ணாடி மேசைமேல் நின்றது. கூடத் தூக்கிவந்த ஆட்டோக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போகலாமா, நின்று வேடிக்கை பார்க்கலாமா என்று யோசித்தார். எல்லாருக்கும் பின்னால் பிரேக்குக்காரரின் மனைவி ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். பையில் இருந்தது, போன மாதம் இதே கடையில் வாங்கிய பெட்டி. டிவியில் சொருகினால் பென் டிரைவில் இருக்கும் படத்தைப் பளிச்சென்று ஓட்டிக் காட்டுகிற பெட்டி.

"பெரியவரே, இது ரிப்பேர் கடை இல்ல."

"என் டிவிக்கு ஒரு கேடும் இல்ல தம்பி. கேடெல்லாம் நீ வித்த பெட்டியில."

பஸ் டிப்போவில் ஆயுள் முழுக்க பிரேக் பார்த்த மனிதர். கூட வேலை செய்தவன் "சரியா இருக்கு" என்று சொன்னால் அவருக்குப் போதாது. தானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தால்தான் வண்டி வெளியே போகும். பிரேக்குக்காரர் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. குணமும் ஓய்வு பெறவில்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே, "இதை நீங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் ஒரு பெட்டி விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தார் என்றால் வயிறு எரியாதா?

அவர் மனைவிக்குக் காது போய்விட்டது. ஒரு காய்ச்சலில் வந்த வினை. மெஷின் வைத்துப் பார்த்தார்கள், இரைச்சல்தான் மிச்சம். எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். டிவியில் வருகிறவர்கள் அவளுக்காகவா நின்று பேசப்போகிறார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக டிவி இருக்கும் அறைக்கே வராமல், சமையலறையில் துடைத்த மேடையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய மகள் வெளியூரில், நீதிமன்றத்தில் டைப் அடிக்கிறவள். அம்மாவின் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுப் போனவள், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, பழைய நகைச்சுவைப் படங்களின் வசனத்தை ஒரு வரி விடாமல் தமிழில் அடித்து, படத்துக்குக் கீழே ஓடுகிற மாதிரி செய்து, பென் டிரைவில் போட்டு அனுப்பினாள். அதை ஓட்டத்தான் பெட்டி. "தமிழ் எழுத்து வருமா?" என்று வாங்கும்போதே கேட்டார். "எல்லாப் பெட்டியிலயும் வரும் பெரியவரே" என்றார் இதே கடைக்காரர்.

வீட்டில் போட்டார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் சிரித்தார், பக்கத்தில் அவளும் சிரித்தாள். போதுமே என்று இருந்துவிட்டார். காது கேட்கிறவனுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றுமா? அதுவும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு?

நேற்று சாயங்காலம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போனார். தையல்காரர் காமெடி வந்தது. சமையலறையில் நின்றபடியே அவருக்குப் புரையேறியது. அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தார். அவள் கன்னத்தில் கை வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்ததும், இவர் முகத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய்க் குனிந்தார். படத்துக்குக் கீழே ஓடியது எழுத்தே இல்லை. வரிசையாகக் கட்டங்கள். ஜன்னல் ஜன்னலாக, ஒன்றுமில்லாத கட்டங்கள்.

"எதுக்குச் சிரிச்ச?"

"நீங்க சிரிச்சீங்களே."

"ஒரு மாசமாவா?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா வந்தீங்க. பிள்ளையும் கண்ணு வலிக்க அடிச்சு அனுப்பியிருக்கா. இல்லன்னு சொல்ல மனசு வரலை."

அவருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆகவேதான் டிவியும் மனைவியும் இப்போது கடைக்குள்.

கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தார். சுவரில் இருந்த பெரிய டிவியைக் காட்டினார். அதில் அருவியும் பறவையுமாகப் பளபளத்தது. "இந்த டிவியையே எடுத்துக்கோங்க. பெட்டியே வேணாம், எல்லாம் உள்ளேயே இருக்கு. வாயால சொன்னாலே படம் போடும்."

"அவளுக்குக் காதே கேக்காதுங்கறேன், நீ வாயால சொல்லுங்கற. பறவையை நீயே பாரு. இந்த டிவியில, இந்த பென் டிரைவுல, எழுத்து வர்ற பெட்டியைக் காட்டு. வாங்கற மாதிரி விலையில காட்டு."

ஆட்டோக்காரர் தங்கிவிடுவதென்று முடிவு செய்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் முதலில் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். சொருகினார். தையல்காரர் காமெடி வந்தது. கட்டம் இல்லை, எழுத்துதான். ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டங்கள். அடிபட்டு விழுந்த சைக்கிள் மாதிரி இருந்தது.

"வந்திருச்சு பாருங்க. என்னம்மா, நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா" என்று அவள் தலையாட்டினாள்.

பிரேக்குக்காரர் அவள் எதிரே போய் நின்றார். "நீ தலையாட்டினா இனிமே நான் நம்பமாட்டேன்." பிறகு டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "மறுபடி போடு."

"என்ன செய்றீங்க?"

"என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிக்கிறா. மூஞ்சியே இல்லாம சிரிக்கட்டும், பார்ப்போம்."

மறுபடி போட்டார். காமெடி வந்ததும் அவள் களுக்கென்று சிரித்தாள். பிரேக்குக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் எதிரே ஆட்டோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் திரும்பு. தம்பி, நீயும்."

"நான் கடைக்காரன் பெரியவரே."

"அதனாலதான் திரும்பச் சொல்றேன்."

மூன்று ஆண்பிள்ளைகள் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். வாசலில் சார்ஜர் வாங்க வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் திரும்பிக்கொண்டார். காமெடி ஓடி முடிந்தது. பின்னால் சத்தமில்லை.

"என்ன, எனக்குப் பரீட்சையா வைக்கறீங்க?" என்றாள் அவள்.

அவர் திரும்பி, உதடு தெரியும்படி சொன்னார். "உனக்கில்ல. பெட்டிக்கு."

அடுத்த பெட்டி இன்டர்நெட் இல்லாமல் கண்ணையே திறக்க மாட்டேன் என்றது. அதற்கடுத்ததில் பழையபடி கட்டம். பிரேக்குக்காரர் குனிந்து, கீழ்த்தட்டில் வயர் குவியலுக்கு நடுவில் கிடந்த ஒன்றை இழுத்தார். அட்டையில் தூசி. பட்டை பட்டையாகப் பொத்தான் வைத்த ரிமோட்.

"அது பழைய மாடல். நெட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதை யாரும் கேக்கறதே இல்ல."

"நான் கேக்கறேன்."

"உங்களுக்காகச் சொல்றேன் பெரியவரே, அது மலிவு சரக்கு."

"போன மாசமும் எனக்காகத்தான் சொன்ன. சொருகு."

சொருகினார். எல்லாரும் பழக்கப்பட்டவர்களாகத் தாமே சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். படத்தில், சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்தவனிடம் தையல்காரர் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லையும் ரப்பர் மாதிரி இழுத்துப் பேசுகிற நடிகர். "சட்டை மேல தப்பில்லைங்க... நீங்கதான்..."

பின்னால் அவள் வெடித்துச் சிரித்தாள்.

பிரேக்குக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னும் சொல்லவே இல்லையே, இப்போதும் நடிக்கிறாளா? அப்புறம்தான் தையல்காரர் மெதுவாக வாக்கியத்தை முடித்தார்: "...வர்ற வழியில சாப்பிட்டுட்டு வந்துட்டீங்க."

மகள் முழு வரியையும் முன்கூட்டியே போட்டிருந்தாள். காது கேட்கிறவர்களுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா படித்துவிட்டாள்.

அவர் உடனே திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதுதான். அதை எடுத்துக்கிட்டு இதைக் கொடு" என்றார்.

"வித்ததைத் திருப்பி எடுக்கமாட்டோம். பில்லுலயே போட்டிருக்கு."

பிரேக்குக்காரர் வாயைத் திறப்பதற்குள், அவள் பையிலிருந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் பேச்சு எப்போதுமே உச்சத்தில்தான் இருக்கும்.

"உன் கட்டத்தைப் பார்த்து ஒரு மாசம் சிரிச்சிருக்கேன்பா. எழுத்து வரும்னு நீதானே சொன்ன? இவர் மனசு நோகக் கூடாதுன்னு நான் நடிச்சேன். உனக்காக ஒரு நாள் கூட நடிக்க மாட்டேன்."

தெருவில் போனவர்கள் நின்றார்கள். கடைக்காரர் கைகூப்பாத குறையாக, "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க" என்றார்.

"என்ன சொல்றார்?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"வெளியில இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்" என்றார் பிரேக்குக்காரர், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியிலேயே கடைக்காரர் கட்டப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். விலை வித்தியாசமாகத் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார். "சரி, கழட்டிடலாமா? வியாபாரம் நடக்கணும்" என்று டிவி வயரை நோக்கிக் கையை நீட்டினார்.

"கை வைக்காதேப்பா" என்றாள் அவள். ஆட்டோக்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலியாகப் பார்த்ததும் அதில் போய் உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு மாசமா இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. முடியட்டும்."

கடைக்காரர் பிரேக்குக்காரரைப் பார்த்தார். பிரேக்குக்காரர் பெருமை தாங்காமல் டிவிக்கும் கடைக்காரருக்கும் நடுவில் காவல் மாதிரி வந்து நின்றார்.

"ஏங்க, நீங்களும் தள்ளி நில்லுங்க. எழுத்தை மறைக்கறீங்க."