மதினி வருமுன் பொரித்த அப்பிள்

கை முறிந்தவளுக்கு அப்பிள் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. நோய் விசாரிக்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது, கையில் அப்பிள் பை இருக்க வேண்டும். அது கண்டிப் பக்கத்தில் எழுதாத சட்டம். வயிற்று வலிக்காரனுக்கும் அப்பிள்தான், பிள்ளை பெற்றவளுக்கும் அப்பிள்தான். வாயில் ஒரு பல்கூட மிஞ்சாத மனிதருக்கும் அதே அப்பிளைக் கட்டிலருகே வைத்துவிட்டுத்தான் சனங்கள் துஆ கேட்பார்கள்.

ரபீகா மழைநாளில் குசினிப் படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, பிளாஸ்டரோடு வீட்டுக்கு வந்த அன்றே அப்பிள் ஊர்வலம் தொடங்கிவிட்டது. பிலிமத்தலாவையில் அவளுக்குத் தெரிந்தவர்கள் இத்தனை பேரா என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. பிரிட்ஜ் நிரம்பியது. மேசை நிரம்பியது. அவளுடைய கணவன் ஹலீம் அப்பிளைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும் ஆசாமி. மகள் நுஹாவோ படிக்கப் போய் ஒலுவில் கெம்பஸ் விடுதியில் இருந்தாள். ஆக, அப்பிள்கள் மெழுகு பூசிய கன்னத்தோடு சும்மா உட்கார்ந்து ரபீகாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல, சும்மா இருங்க, ரெஸ்ட் எடுங்க. இதைக் கேட்கக் கேட்க ரபீகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் குசினியில் அவள் வைத்ததுதான் சட்டம். இப்போது கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கதிரையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு பிழைப்பா?

இந்த லட்சணத்தில்தான் நாவலப்பிட்டியிலிருந்து ஹலீமின் மூத்த சகோதரி, ரபீகாவின் மதினி, நஜீபா லாத்தா போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறாராம். பிளாஸ்டர் வெட்டும்வரைக்கும் நின்று வீட்டைப் பார்த்துக்கொள்வாராம். ஹலீம் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னபோது ரபீகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மதினி கெட்டவர் அல்ல. அதை ரபீகா எந்த இடத்திலும் சத்தியம் பண்ணிச் சொல்வாள். ஆனால் நல்லவர்களோடு ஒரே குசினியில் நிற்பது வேறு விஷயம். போன நோன்புக்கு வந்து நின்றவர், உதவி செய்கிறேன் என்று மிளகாய்த்தூள், சரக்குத்தூள் போத்தல்களையெல்லாம் கழுவித் துடைத்துத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போனார். பெருநாள் கழிந்த பிறகும் ரபீகா சீரகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. வருகிறவர் போகிறவர் முன்னால், எங்கட தம்பி மெலிஞ்சு போய்ட்டான் என்று ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. ஹலீமின் சாரம் இடுப்பில் நிற்க இடமில்லாமல் தொந்திக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. அந்த மனிதர் மெலிந்துவிட்டாராம்.

வரவேண்டாம் என்று சொல்ல ஹலீமுக்குத் தைரியம் இல்லை. உம்மா மௌத்தான பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது லாத்தாதான். கடையில் எந்தக் கொம்பனோடும் விலை பேசுவார்; லாத்தா போன் எடுத்தால் மட்டும் எழுந்து நின்றுதான் கதைப்பார்.

ஆகவே ரபீகா ஒரு வழி கண்டாள். வரட்டும். வந்து பார்க்கட்டும். இந்த வீடு தானாகவே ஓடுகிறது, ஹலீமே சமைக்கிறார், வெளி உதவி தேவையே இல்லை என்று கண்ணால் கண்டால், மதினி தேத்தண்ணி குடித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். சோறும் பருப்பும் ஆக்குவதற்கு ஹலீம் இதற்குள் ஒருவழியாகப் பழகியிருந்தார். ஆனால் சோறும் பருப்பும் எந்தக் கடைப்பையனும் ஆக்குவான். மதினியின் வாயை அடைக்க இனிப்பாக ஏதாவது வேண்டும். மதினிக்கு இனிப்பென்றால் உயிர்.

நுஹாவிடம் கேட்டதும் அவள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் அப்பிளை வட்டமாக வெட்டி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, மேலே சீனி தூவிச் சிரித்தாள். ஹலீம் அதை சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு போனை மூடிவிட்டு, இது என்ன, வாழைக்காய்ப் பஜ்ஜிதானே என்று சொன்னார். ஆண்கள் குசினியைப் பற்றி இப்படித்தான் முதலில் சொல்வார்கள்.

ஞாயிறு பகல் அவர் மனைவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஏப்ரனின் முடிச்சு பின்னால் எட்டவில்லை. ரபீகா குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். கையைத்தான் கட்டியிருந்தார்கள், வாயைக் கட்டவில்லையே.

ஹலீமுக்குக் கண்டி றோட்டில் திரைச்சீலைத் துணிக்கடை. கேட்ட அளவைவிட ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டுவதில் பெயர் எடுத்தவர். அதே தாராளத்தை அப்பிளிலும் காட்டினார். ஒவ்வொரு வட்டமும் ரொட்டித் தடிப்பு. மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் அடித்த கலவையில் அதைத் தோய்த்து எண்ணெயில் போட்டார். மா ஒரு பக்கம் போனது, அப்பிள் ஒரு பக்கம் போனது. இரண்டும் தலாக் சொல்லிப் பிரிந்த மாதிரித் தாச்சிக்குள் தனித்தனியாக மிதந்தன. மாவோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டும் வெளியே கறுத்து, உள்ளே கடித்தால் கறுக்கென்று சத்தம் போட்டன.

"இது அப்பிளா, கதவுக்கு வைக்கிற ஆப்பா?" என்று கேட்டாள் ரபீகா.

ஹலீம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீடியோவைக் குறை சொன்னார், அடுப்பைக் குறை சொன்னார், அப்பிளின் ஜாதியையும் குறை சொன்னார். அவர் களைத்து ஓயும்வரை காத்திருந்து ரபீகா பாடம் எடுத்தாள். மெல்லிசா வெட்டணும். வெட்டின துண்டில் ஈரம் இருந்தால் மா பிடிக்காது, துணியால் ஒற்றி எடுக்கணும். பிறகு வெறும் மாவில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் கலவையில் போடணும். நெருப்பைக் குறைக்கணும். ஏலக்காய் எங்கே? உப்பு ஒரு கிள்ளு எங்கே? ஹலீம் தலையாட்டித் தலையாட்டிச் செய்தார். கடையில் வேலைக்கு நிற்கும் பையன்களை அவர் ஏன் இத்தனை காலமும் திட்டிக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்த ஈடு பொன் நிறமாக எழும்பி வந்தது. ஹலீம் அதை வடித்தெடுத்து, கறுவாத்தூளும் சீனியும் தூவி, மேலே கித்துள் பாணியை நூலாக ஊற்றினார். பாணி ஊற்றுவது வீடியோவில் இல்லை. அது அவருடைய சொந்த மூளை. ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி ஊதி ஆற்றி, ரபீகாவின் வாயில் வைத்தார். ஓரம் மொறுமொறுத்தது, உள்ளே அப்பிள் குழைந்து புளிப்பும் இனிப்புமாக இறங்கியது. உண்மையைச் சொன்னால், ரொம்ப நல்லாயிருந்தது.

"தின்னலாம்" என்றாள் ரபீகா. அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஹலீமுக்கு வாயெல்லாம் பல். "இனி நீ போய்க் கொஞ்சம் சாஞ்சுக்க ரபீகா. எனக்குப் பிடிபட்டுப் போச்சு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ரபீகாவுக்குச் சுருக்கென்றது. எழும்பி முன்னறைக்குப் போனாள். குசினியில் எண்ணெய் சலசலக்கும் சத்தம் அவள் இல்லாமலே ஒழுங்காகக் கேட்டது. வேண்டியதும் இதுதானே, பிறகு ஏன் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று தன்னையே கோபித்துக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மதினி திரீவீலில் வந்து இறங்கினார். கறுப்பு அபாயா, கையில் குடை, பின்னால் டிரைவர் இரண்டு கையாலும் தூக்கிவந்த பெரிய பயணப்பை. பையின் பருமனை ரபீகா கண்ணாலேயே அளந்தாள். அது பிளாஸ்டர் வெட்டும்வரைக்குமான பை அல்ல, முறிந்த எலும்பு ஒட்டி, மகள் படிப்பு முடிந்து, கலியாணமும் நடக்கும்வரைக்குமான பை. மதினி ரபீகாவின் நெற்றியில் கையை வைத்து துஆ ஓதினார். ஓதி முடிக்குமுன்பே அவர் கண் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. பையோடு உள்ளறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் எதையோ உருட்டிவிட்டு, அபாயாவின் கையை மடித்துக்கொண்டு, நேரே குசினிக்கு நடந்தார்.

அங்கே ஒரு வேலையும் இல்லை. சோறு ஆக்கி மூடியிருந்தது. பருப்பு தாளித்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஹலீம் அரைகுறையாகக் கட்டிய ஏப்ரனோடு லாத்தாவை முன்னறை மேசையருகே உட்காரவைத்து, அப்பிள் தட்டை முன்னால் நீட்டினார்.

மதினி ஒன்றை எடுத்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். யார் செய்தது என்று கேட்டார். ஹலீம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியபோது மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாஷா அல்லாஹ் என்றார். மறுபடியும் எடுத்தார். தட்டில் பாணி மட்டும் மிஞ்சியது. அதையும் விரலால் வழித்தார்.

ரபீகாவுக்கு வெற்றி தலைக்கேறியது. சந்தர்ப்பத்தை விடுவாளா? இவர் இப்ப எல்லாம் தனியாகவே சமாளிக்கிறார், மதினிக்கு இனி ஒரு கரைச்சலும் இல்லை, இந்த வயதில் அலைய வேண்டியதில்லை, ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதான் என்று தேன் தடவிச் சொன்னாள். மதினி தலையை ஆட்டினார். ஓமோம், எனக்கென்ன வேல இங்க என்று சிரித்தார். பிறகு தொழுதுவிட்டு வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனார்.

தொழுகை முடியும் நேரம் கழிந்தும் மதினி வெளியே வரவில்லை. தேத்தண்ணிக்குக் கூப்பிட ரபீகா அறை வாசலுக்குப் போனாள். மதினி கட்டிலில் உட்கார்ந்து, அலுமாரித் தட்டில் எடுத்து வைத்த உடுப்புகளைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தலையணை உறை, மருந்து மாத்திரை, வீட்டில் இடித்த சரக்குத்தூள் போத்தல், துணியில் சுற்றிய நாலைந்து அகப்பை. வந்ததும் வராததுமாக அதையெல்லாம் எடுத்து அடுக்கியிருக்கிறார். இப்போது ஒவ்வொன்றாக உள்ளே போகிறது.

ரபீகாவைக் கண்டதும் மதினி கடைசி பஸ் எப்போது என்று விசாரித்தார். நோயாளி வீட்டில் கனநேரம் இருக்கக் கூடாது, சுகம் விசாரித்தாயிற்று, வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன், வாங்கிக்கொள்ளலாம் என்றார். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் ரபீகாவை உலுக்கியது. குறை சொல்லாத மதினியை அவள் இதுவரை கண்டதில்லை.

மதினி பையின் சிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. சிப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஃபாஸில் பொஞ்சாதி புள்ளயளக் கூட்டிக்கிட்டு கட்டார் போன பொறகு, அடுப்பப் பத்தவைக்கிறதே எப்பவாவது ஒருக்காத்தான் புள்ள. ஒரு சுண்டு அரிசி ஆக்கினா ரெண்டு நாளைக்கி ஈக்கிது. ஆருக்கு ஆக்குறது?"

மதினியின் மகன் ஃபாஸிலை வழியனுப்ப ஹலீமோடு அவளும் நாவலப்பிட்டி போயிருந்தாள். புரியாணி தின்றாள், பேரப்பிள்ளைக்கு உடுப்புக் கொடுத்தாள், வந்துவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் மிஞ்சி இருக்கும் ஒரு ஆளைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ரெஸ்ட் எடுங்க என்று சற்று முன் அவரைப் பார்த்துச் சொன்னது வேறு யாரும் அல்ல, அவளேதான். அந்தச் சொல் காதில் எப்படி விழும் என்று இந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து ஹலீம் இரண்டாவது தட்டு அப்பிளோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றார். பாவம் மனிதர், இன்னொரு மாஷா அல்லாஹ் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்.

"மதினி, பையத் தெறங்க" என்றாள் ரபீகா. "எனக்கு ஒங்கள்ட்ட மறைக்க ஏலாது. இந்த மனுசன் ஆக்குறது ஒண்டும் வாய்ல வைக்க ஏலாது. இந்த அப்பிளும் அப்படித்தான். வெளிய எண்ணெ, உள்ள பச்ச. எனக்கு ஆக்கிக் குடுக்க ஆளில்ல. நீங்க போகக் கூடாது."

மதினி ரபீகாவின் முகத்தைப் பார்த்தார். வழித்து நக்கிய தட்டு இன்னும் முன்னறை மேசையில்தான் கிடந்தது. அது மதினிக்கும் தெரியும், ரபீகாவுக்கும் தெரியும். மதினியின் கண் மெதுவாகக் கலங்கியது. அவர் தலையைக் குனிந்து, சிக்கிய சிப்பைப் பின்னுக்கு இழுத்துத் திறந்துவிட்டார்.

"நானும் அவன்ட மனசு நோகக் கூடாதெண்டுதான் புள்ள வாயப் பொத்திட்டு இருந்த" என்றார் நஜீபா, ஒரு பெருமூச்சோடு. "ஏன் எங்கட தம்பி இப்படி மெலிஞ்சு போயிருக்கான் எண்டு இப்பதான் வெளங்குது."

ஹலீம் கையில் தட்டோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மதினி அவரை விலக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனார். போகிற வழியில் தட்டிலிருந்து இரண்டு துண்டை எடுத்துக்கொண்டுதான் போனார்.