மீசை மட்டும் வரட்டும்

கிழவியின் வயிற்றுக்குள் ஏதோ பட்டென்று அறுந்த சத்தம் கேட்டதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஃபேன் பெல்ட்.

கிழவி என்பது அவன் ஓட்டுகிற திறந்த ஜீப். அந்தப் பெயரை வைத்ததும் அவன்தான், சொல்லிக் கூப்பிடுவதும் அவன் மட்டும்தான். காட்டுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மிருகம் காட்டுகிறவனுக்குப் பேச்சுத் துணைக்கா பஞ்சம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அது மான், இது மயில் என்பதெல்லாம் பேச்சில் சேர்த்தியா?

"இங்க வேண்டாம்டி, கிழவி. அந்தப் பக்கம் போய் நில்லு," என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினான். சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பாறை வளைவின் நட்டநடுவில், எங்கே நிற்கவே கூடாதோ அங்கேயே, கிழவி மூச்சை விட்டாள்.

பின்சீட்டில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும். அவர் கழுத்தில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு கேமரா.

"சுத்தம்!" என்றார் அவர். "காலைலேர்ந்து ஒரு சிறுத்தை வாலக்கூட காட்டல. இப்ப வண்டியும் போச்சா?"

"அந்தாளு என்ன, வீட்ல கட்டி வச்சிருக்காரா அவுத்துக் காட்ட?" என்றாள் அந்த அம்மா. "தம்பி, கால் மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம் எறங்கி நிக்கவா?"

"எறங்காதீங்கம்மா!" சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. குரலை இறக்கிக்கொண்டு, "பாம்பு கெடக்கும்," என்றான்.

பாம்பு என்றதும் அந்த அம்மா காலை மடித்துச் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

வலப்பக்கம், ஒரு வீட்டு வாசல் தூரத்தில், பாறை பிளந்து ஒரு பொந்து இருந்தது. முன்னால் முள்புதர். தெரியாதவன் ஆயிரம் தடவை பார்த்தாலும் அங்கே புதர்தான் தெரியும். அவன் பார்த்தபோது புதருக்குப் பின்னால் ஒரு காது மெல்லத் திரும்பியது. தாய்ச்சிறுத்தை முழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் குட்டிகள்.

வேறு எந்த இடமாக இருந்தாலும் பானெட்டைத் தூக்கி, ஸ்பேர் பெல்ட்டை மாட்டி, டீ ஆறுவதற்குள் கிளம்பியிருப்பான். இங்கே காலைக் கீழே வைக்க முடியாது. திறந்த ஜீப்பில் இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. வாக்கி டாக்கி.

கையில் எடுத்தவன் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எவன் கண்ணில் சிறுத்தை பட்டாலும் உடனே வாக்கியில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வண்டியும் அங்கே வந்து சேரும். போன சீசனில் இவள் குட்டி போட்டபோது அப்படித்தான் சொன்னார்கள். பொந்தைச் சுற்றி வண்டிகள் கல்யாண மண்டப வாசல் போல மொய்த்தன. தாய் மிரண்டு இடம் மாறியபோது ஒரு குட்டியைத் தூக்கிப் போக அவளுக்கு வழி கிடைக்கவில்லை. அது அங்கேயே கத்திக் கத்தி அடங்கியது. அன்றிலிருந்து அவன் வாக்கியில் எதையும் சொல்வதில்லை. மற்றவர்களுக்கு அது புரிந்தபோது, தன் வண்டியில் வருகிறவர்களுக்கு மட்டும் காட்டிப் பேர் வாங்கிக்கொள்கிறான் என்று முடிவு கட்டினார்கள். ஊமை என்று பேரும் வைத்தார்கள்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவர் கோபித்துக்கொண்டதுதான் தாங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் கிடந்தவர்கள், ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். "எங்கிட்டகூட சொல்லல இல்ல?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மீசை பக்கத்து அறைக்குப் போய்விட்டான். நடுவில் ஒரு சுவர்தான். அவன் இருமினால் இங்கே கேட்கும்.

"உங்களுக்கு வீடு எங்க தம்பி?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"தூரம்மா."

"வீட்டுக்குப் பேசுவீங்களா?"

"ஞாயித்துக்கெழம பேசுவேன். அம்மா சாப்டியாம்பா. சாப்டேன்னு சொல்லுவேன். நீ சாப்டியாம்பேன். அதுக்குள்ள சிக்னல் போயிடும்."

அந்த அம்மா சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

சாயங்கால வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிவிட்டது. அவன் பொத்தானை அமுக்கினான்.

"வண்டி நின்னுபோச்சு. கட்டி இழுக்க ஒரு வண்டி வேணும்."

கரகரப்பு கேட்டது. பிறகு ஒரு குரல்: "டேய், யாருடா இது? ஊமையா பேசுது?"

"பேச்சு வந்துருச்சுடோய்! வைத்தியம் யாரு பாத்தது?"

எல்லா வண்டியிலிருந்தும் சிரிப்பு.

"எங்கடா நிக்கிற?"

"பாறை வளைவு."

"பாறை வளைவா? நீ நிக்கிற எடத்துல என்னமோ இருக்குமே! சும்மாவா நிப்ப? இரு, நாங்க எல்லாருமே வர்றோம். பொண்ணு பாக்க வர்ற மாதிரி கும்பலா வர்றோம்."

பின்சீட்டுக்காரர் முன்னால் எக்கினார். "என்னப்பா, இங்க ஏதோ இருக்காமே?"

"சும்மா கலாய்க்கிறாங்க சார்."

எல்லாரும் வந்தால் போன சீசன் கதைதான். புதருக்குள் அந்தக் காது இப்போது அசையாமல் இந்தப் பக்கமே நின்றது.

"எல்லாரும் வேணாம்," என்றான். "மீசை மட்டும் வரட்டும்."

வாக்கி செத்ததுபோல் ஆயிற்று. இவனும் மீசையும் பேசிக்கொள்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மீசையிடமிருந்து வருகிறேன் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை.

பாறை உச்சியில் இருந்த வெயிலும் போய்விட்டது. வராவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒரு என்ஜின் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது கியரை விழுங்கிவிட்டு இரண்டாவதில் இழுப்பான் மீசை. பின்னால் வேறு சத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டான். இல்லை. ஒரே வண்டி.

மீசை யாரையும் ஏற்றாத ஜீப்பை மெதுவாகப் பின்னோக்கிக் கொண்டுவந்து கிழவியின் மூக்கை ஒட்டி நிறுத்தினான். கயிறோடு வண்டிக்குள்ளேயே பின்சீட்டுக்குத் தாவி வந்தவன், அப்போதுதான் வலப்பக்கம் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். புதரை விலக்கிக்கொண்டு ஒரு குட்டி, தாயின் முதுகில் ஏறப் பார்த்து, பொத்தென்று உள்ளே விழுந்தது.

பின்சீட்டுக்காரர் கேமராவை மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீசை இவனைப் பார்த்தான். இவன் கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான். முகம் அதைச் செய்துவிட்டது.

மீசை கயிற்றை வீசினான். இவன் பானெட்டின் மேல் குப்புறப் படுத்து, சூடு வயிற்றைச் சுட, எட்டிக் கொக்கியில் மாட்டினான். யாரும் தரையை மிதிக்கவில்லை.

கட்டி இழுக்கிறபோது பின்வண்டிக்காரன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து பிரேக் போட வேண்டும். கயிறு தொய்ந்தால் முன்வண்டியில் போய் முட்டும், சுண்டினால் அறுந்து போகும். என்ஜின் ஓடாத கிழவியின் பிரேக் கல்லாக இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். இறக்கத்துக்கு முன்னால் மீசை ஒரு நொடி வேகம் குறைத்தான், இவன் கால் அதற்கு முன்பே போயிருந்தது. வழி முழுக்கக் கயிறு ஒரு தடவைகூடத் தொய்யவில்லை.

"மீசை, என்னடா இருக்கு அங்க?" என்றது வாக்கி.

"பெல்ட்டு அறுந்துருக்கு."

"வேற?"

"வேற என்ன, இவன் மூஞ்சி இருக்கு. வந்து பாக்குறியா?"

வாக்கி சிரித்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

காட்டின் கேட்டுக்கு வெளியே புருஷனும் பொண்டாட்டியும் இறங்கினார்கள். "அடுத்த தடவையாவது நல்ல வண்டியா பாத்து ஏறணும்," என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். அந்த அம்மா மட்டும் திரும்பி, "சாப்டுங்க தம்பி," என்றாள்.

மீசை கயிற்றை அவிழ்த்து முழங்கையில் சுற்றத் தொடங்கினான். இவன் பக்கத்தில் போய் நின்றான். சொல்வதற்கு ஒரு சீசன் முழுக்கச் சேர்த்து வைத்தது இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டா, மூணா?" என்றான் மீசை, கயிற்றைப் பார்த்தபடி.

"ரெண்டு."

மீசை தலையாட்டினான். கயிற்றை வண்டிக்குள் எறிந்துவிட்டு, கேண்டீனில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்து நடந்தான். கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

இவன் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தான். ஒரு குட்டிக்கு இடது காது வெளுப்பு, மற்றதுதான் எப்போதும் ஏறி விழுகிற போக்கிரி, அதற்கு அம்மா முதுகைத் தவிர வேறு இடமே கிடையாது. இதையெல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இன்னும் ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று கேட்டிருக்கலாம். என்ஜின் ஆறுகிறவரை அறுந்த பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றான்.