நெகானேக்கு வாங்கிய துப்பாக்கி

எங்கள் பக்கத்தில் ஏப்ரல் பிறந்தால் விசில் பன்றிகள் கிளம்பிவிடும். பெயர்தான் பன்றி. உண்மையில் கையளவு தரை அணில். வளைக்கு வெளியே பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, ஆளைப் பார்த்து விசிலடிக்கும். ஒன்று அடித்தால் வயல் முழுக்கப் பதில் வரும். கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், வயல் நம்முடையதாக இல்லாதவரை.

ஆரின் ஸ்டாடர்டின் வயலில் அந்த வருடம் அவற்றின் ராஜ்யம். குதிரைமசால் தீவனப்பயிர் ஒரு சாண் வளர்வதற்குள் கிழக்கோரம் முழுவதையும் மொட்டை அடித்துவிட்டன. முந்தின வருடம் அவை தோண்டிப் போட்ட மண்மேட்டில் மோதி அறுப்பு இயந்திரத்தின் கத்திகள் உடைந்தன. அவனுடைய குதிரை ஒன்று வளைக்குள் கால் விட்டு ஒரு மாதம் நொண்டியது. வீட்டில் இருந்த பழைய சின்னத் துப்பாக்கி வயலின் பாதிக்குமேல் எட்டாது. அந்தக் கணக்கு அணில்களுக்கும் தெரிந்திருந்தது போலும். எட்டாத கரையில் போய் உட்கார்ந்துகொண்டு விசிலடித்தன.

ஒரு புதன்கிழமை மதியம் ஆரினும் அவன் மனைவி நெகானேயும் என் கடைக்கு வந்தார்கள். கடையின் முன்பக்கம் ஆணி, குழாய், விதை, தூண்டில்முள். பின்சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். நாங்கள் மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நெகானேயின் அப்பா பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். அவர் மந்தையோடு மலையில் திரிந்து, ஓநாய் நரிகளைச் சுட்டு வளர்ந்த பெண் அவள். இடக்கைக்காரி. பள்ளியில் அவள் எறிந்த பனியுருண்டை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் நாங்கள் மண்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றதுண்டு.

"டெல், இன்னைக்கு வாங்கிட்டுத்தான் போறது," என்றான் ஆரின். குளிர்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து துப்பாக்கிப் பத்திரிகைகளைப் படித்துக் கரைத்துக் குடித்திருந்தான்.

"ஒரு கன்னுக்குட்டி வித்த காசு கொண்டாந்திருக்கோம்," என்றாள் நெகானே. "துப்பாக்கி, தூரம் பாக்கற ஸ்கோப், தோட்டா எல்லாம் அதுக்குள்ள முடியணும். மேல ஒரு சென்ட் போனாலும் இவன இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"விட்டுட்டுப் போனா இவனுக்கு யார் சாப்பாடு போடறது?"

"நீதான் போடணும். இவன்கிட்ட ஜாஸ்தி காசு வாங்கினதுக்குத் தண்டனை."

ஆரின் நேராகப் போய் வால்நட் மரக் கட்டை போட்ட ஒரு அழகியைக் கையில் எடுத்தான். மெருகேற்றிய மரம், மெல்லிய குழல். ட்வென்டி டூ டூ ஃபிஃப்டி என்கிற பெரிய தோட்டா. அவன் அதைத் தடவிய தடவலில் எனக்கே வெட்கமாக இருந்தது.

"நானூறு கெஜத்துக்குக் கோடு போட்ட மாதிரி போகும் தெரியுமா?" என்றான்.

"போகும் போகும். ஒல்லிக் குழல். பத்து தடவ சுட்டா அடுப்பு மாதிரி கொதிக்கும்," என்றாள் அவள். "மானுக்குப் போறவன் ஒரு நாளைக்கு ஒரு தோட்டா சுடுவான். நாம உக்காந்தா ஒரு பெட்டி காலியாகும். அணில் அங்க விசிலடிச்சுக்கிட்டு நிக்கும், நீ இங்க குழல ஊதி ஊதி ஆறவச்சுக்கிட்டு இருப்ப."

"டெல், நீ சொல்லு."

எனக்கு வால்நட் கட்டையை விற்றால் லாபம்தான். ஆனால் நெகானே முறைத்துக்கொண்டிருந்தாள். தவிர, அவள் சொன்னது சரி. "இவ்வளவு சுடறதுக்கு டூ ட்வென்டி த்ரீங்கற சின்ன ரகம்தான் தோது, ஆரின். தோட்டா விலை பாதி. எந்தக் கடையிலயும் கிடைக்கும். தோள்ல இடி கம்மி, அதனால குண்டு எங்க விழுதுன்னு ஸ்கோப்புலயே பாத்துக்கலாம். குழல் மட்டும் தடியா இருக்கணும்."

நெகானே அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து ஒன்றை எடுத்திருந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, கட்டைவிரலைவிடத் தடித்த குழல். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகிற சாதா மாடல். ஆனால் விரலால் இழுக்கும் விசை நல்ல விசை. எவ்வளவு இலேசாக வேண்டுமோ அவ்வளவுக்கு நாமே திருகி வைத்துக்கொள்ளலாம்.

"பாத்தா வேலிக்கம்பம் மாதிரி இருக்கு," என்றான் ஆரின்.

"உன்னைக் கட்டிக்கும்போது நான் அழகா பாத்தேன்?" என்றாள் அவள்.

அவள் அதை இடது தோளில் வைத்து நின்றபடி குறி பார்த்தாள். பிறகு போல்ட்டை, அதாவது ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை, இழுத்துப் பார்க்க, விசையிலிருந்து இடது கையை எடுத்து, துப்பாக்கியின் தலைக்கு மேலாகச் சுற்றி, வலப்பக்கம் இருந்த போல்ட்டைப் பிடித்தாள். சட்டைக் கை ஸ்கோப் பொருத்தும் திருகில் மாட்டிக்கொண்டது. "ச்சே," என்று விடுவித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து என் கோழித்தீவன மூட்டை ஒன்றைத் தரையில் இழுத்துப் போட்டாள். அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டுக் கடை நடுவிலேயே குப்புறப் படுத்து, எதிர்ச்சுவரில் இருந்த காட்டெருமைத் தலையின் மூக்கைக் குறி பார்க்க ஆரம்பித்தாள். குழாய் வாங்க வந்த பாதிரியார் ஒருவர் "மன்னிக்கணும், நெகானே," என்று அவள் கால்களைத் தாண்டிப் போனார்.

அவள் தரையில் என்ன செய்தாள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. ஆரின் என் சட்டையைப் பிடித்து இழுத்து விதை மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

"பாத்தியாடா?"

"எத?"

"கை மாட்டிக்கிச்சே, அத. இருபத்திரண்டு வருஷமா அவ அப்படித்தான் கையச் சுத்திச் சுத்திச் சுட்டுக்கிட்டு இருக்கா. நான் ஒரு நாளும் கண்டுக்கல. நான் என்ன புருஷன்?"

"அவ ஒண்ணும் சொன்னதில்லையே?"

"அவ எத சொல்லியிருக்கா? பிரசவ வலியே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இடக்கைக்காரங்களுக்குன்னு தனியா செய்வாங்கன்னு படிச்சிருக்கேன்."

எனக்குச் சட்டென்று உள்ளறை ஞாபகம் வந்தது. அங்கே ஒன்று இருந்தது. அவள் கையில் இருந்த அதே மாடல், அதே தடிக்குழல், போல்ட் மட்டும் இடப்பக்கம். ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் அலாஸ்காவுக்குக் குடிபோய்விட்டார். இரண்டு வருடமாகக் கேட்பாரில்லை. விலையைக் குறைத்துக் குறைத்து எழுதி அட்டையில் இடமே இல்லை.

"இருக்கு. ஆனா நீயும்தானே சுடணும்? வலக்கைக்காரனுக்கு அது ஒத்துவராதே."

"நான் சமாளிச்சுக்கறேன். இத்தன வருஷம் அவ சமாளிக்கல?"

உள்ளேயிருந்து எடுத்து வந்து தூசி தட்டினேன். ஆரின் அதைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் அவள் முன்னால் நின்றான். நெகானே தரையிலிருந்து எழுந்தாள்.

"இது உனக்கு," என்றான். "போல்ட் உன் பக்கம் இருக்கு. இனிமே நீ கையச் சுத்த வேணாம்."

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். தீவன மூட்டைமேல் கிடந்த மற்றதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ஆரினின் மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"ஆரின், நான்…"

"ஒண்ணும் பேசாத. எடுத்துக்க."

அவள் அதை வாங்கி மூட்டைமேல் வைத்தாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். விலை குறைந்ததில் மிஞ்சியதைக்கொண்டு, நினைத்ததைவிட ஒரு படி உயர்ந்த ஸ்கோப்பே மாட்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை குறியைச் சரிசெய்து கொடுக்க நானும் அவர்கள் வயலுக்குப் போனேன். காற்றே இல்லை. மலைமேல் இன்னும் பனி. குதிரைகளை அடுத்த பட்டிக்கு மாற்றியிருந்தார்கள். குண்டு தப்பினாலும் போய்ப் புதைய எதிரே உயரமான மண்கரை. அந்தக் கரை நெடுக அணில்கள் வரிசைகட்டி நின்று எங்களை விசிலடித்து வரவேற்றன.

இருநூறு கெஜத்தில் அட்டை வைத்துச் சுட்டேன். நாலாவது தோட்டாவிலிருந்து எல்லாம் ஒரு காசின் வட்டத்துக்குள் அடங்கியது. சாதாத் துப்பாக்கி என்று யாரும் சொல்ல முடியாது.

"ம், ஆரம்பி," என்றான் ஆரின், கல்யாணப் பரிசு கொடுத்தவனைப் போலப் பூரித்து.

நெகானே இரண்டு கால் தாங்கியை விரித்துப் படுத்தாள். முதல் தோட்டாவில் ஓர் அணில் சாய்ந்தது. அப்புறம் வந்தது தடுமாற்றம். அவளுடைய வலது கை தானாக எழுந்து துப்பாக்கியின் வலப்பக்கத்தில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. "ஓ," என்று விசையிலிருந்து இடது கையை எடுத்து போல்ட்டை இழுத்தாள். மறுபடி கையைப் பொருத்தி, கண்ணைப் பொருத்தி, அணிலைத் தேடினாள். அது வளைக்குள் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். வலது கை தேடும், ஏமாறும்.

"பழகிடும், பழகிடும்," என்றான் ஆரின்.

"ஆமா, பழகிடும்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு பெட்டி முடிந்ததும் எழுந்து மண்ணைத் தட்டினாள். "கொஞ்சம் நீ சுடு. எனக்குக் கழுத்து வலிக்குது."

"வேணாம், அது உன்னுது."

"படுக்கறியா, இல்ல உதைக்கட்டுமா?"

ஆரின் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்தான். வலது கையால் பிடித்து விசையில் விரலை வைத்தான். சுட்டான். போல்ட் இடப்பக்கம் இருந்ததால், கட்டைக்கு அடியில் சும்மா கிடந்த இடது கையைத் தூக்கி அதை இழுத்துத் தள்ளினான். வலது கை வைத்த இடத்திலேயே இருந்தது. சுட்டான். இழுத்தான். சுட்டான். மூன்று அணில்கள் போயின. நாலாவது விசிலடிக்க வாயைத் திறந்த இடத்திலேயே விழுந்தது.

ஆரின் துப்பாக்கியிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு ஒரு கத்தல் கத்தினான், அடுத்த பட்டியில் குதிரைகள் மிரண்டன.

"டெல்! டேய் டெல்! விசையிலேந்து கைய எடுக்கவே வேணாம்டா! ஸ்கோப்ப விட்டுக் கண்ணே நகரல! இந்த உலகத்துல இத்தன நாளா எல்லாரும் தப்பான பக்கம் போல்ட் வச்சிருக்காங்கடா!"

நெகானே புல்லில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

"நான் ஏழு வயசுலேந்து அப்படித்தான் சுடறேன், முட்டாளே! படுத்துச் சுடும்போது இடது கை விசையில, வலது கை போல்ட்ல. என்னைவிட வேகமா நீ ஒரு நாளாவது சுட்டிருக்கியா?"

ஆரின் வாயைப் பிளந்தான். "கடையில கை மாட்டிக்கிச்சே?"

"நின்னுக்கிட்டுப் பாத்தா மாட்டும். நின்னுக்கிட்டு யாராவது அணில் சுடுவாங்களா? அதுக்குத்தான் படுத்துப் பாத்தேன். அந்த வேலிக்கம்பம் எனக்குத் தச்ச சட்ட மாதிரி இருந்துது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ குழந்த மாதிரி அழுதுகிட்டு நின்ன. எப்படிச் சொல்றது?"

"நான் அழல. டெல் கடையில தூசி."

"என் கடையில தூசியா?" என்றேன்.

"போதும்," என்றாள் நெகானே. அவனருகே போய் உட்கார்ந்து, அவன் தொப்பியை எடுத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல நீ எனக்குக் குடுத்ததுலயே இதுதான் ரொம்ப நல்ல பரிசு. எனக்குத்தான் ஒத்துவரல."

திங்கள்கிழமை கொண்டுவந்தால் மற்றதோடு மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். ஆரின் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதத் தொட்டவன் கைய ஒடிப்பேன்."

"அது எனக்குக் குடுத்தது," என்றாள் நெகானே.

"குடுத்தேன். இப்ப திருப்பி வாங்கிக்கறேன்."

"சரி. அப்ப எனக்கு அந்த வேலிக்கம்பத்த வாங்கித் தா."

"காசுக்கு எங்க போறது? கன்னு ஒண்ணுதானே வித்தோம்?"

"கொட்டகையில நிக்குதே, பனியில ஓட்டற உன் ஸ்னோமொபைல். மூணு குளிர்காலமா ஸ்டார்ட் ஆகாம பூனை குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. டெல் அத எடுத்துப்பான்."

அந்த வண்டியைப் பற்றி ஆரினிடம் தப்பாக யாரும் பேச முடியாது. வரும் வாரம் சரிபண்ணிவிடுவேன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கொட்டகைப் பக்கம் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். கரையில் ஓர் அணில் எழுந்து நீளமாக ஒரு விசில் அடித்தது.

"எடுத்துட்டுப் போடா," என்றான். "பூனைய மட்டும் விட்டுடு."

எனக்கு இயந்திரம் பழுது பார்ப்பதில் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. வண்டியின் காற்றுக் குழாயில் எலி கூடு கட்டியிருந்தது, அவ்வளவுதான். அதை நான் இன்றுவரை ஆரினிடம் சொல்லவில்லை. அந்த வாரமே வேலிக்கம்பம் நெகானே கைக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமையும் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள், இவள் இடக்கைக்காரி, அவன் வலக்கைக்காரன், இரண்டு போல்ட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. "அது என்னுது," "நான்தான் முதல்ல பாத்தேன்," "உன் பக்கம் அந்தக் கல்லுக்கு அந்தாண்டதான்" என்று ஓயாத சண்டை. பருந்துகள் இரண்டு வட்டமிட்டு இறங்கி, விழுந்தவற்றைத் தூக்கிக்கொண்டு போயின. மதியத்துக்குள் கரையில் விசில் சத்தம் மெலிந்துவிட்டது.

நெகானே பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, சொரிஸோ கறித்துண்டுகளை ரொட்டிக்குள் வைத்துப் பரிமாறினாள். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரமும் இருந்தது. நான் இரண்டாவது துண்டுக்குப் போய்விட்டேன். ஆரின் மட்டும் எழுந்து வரவில்லை. ஒரு தடித்த அணில் கரையின் மேற்கோடியில் தலையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக அவனை அலைக்கழித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிட வா."

"ஒரு நிமிஷம். இத மட்டும்."

நெகானே ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் படுத்தாள். "வாயத் திற," என்றாள். திறந்தான். பாதி ரொட்டியை உள்ளே தள்ளினாள். அவன் கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்து, மென்று முடிப்பதற்குள் அவள் துப்பாக்கி ஒரு முறை வெடித்தது. மேற்கோடியில் தலை இல்லை.

"ம்ம்ம்ம்!" என்றான் ஆரின், வாய் நிறைய ரொட்டியோடு.

"மெல்ல சாப்பிடு," என்றாள் அவள். "விக்கிக்கப் போகுது."