மாடி அறையின் இறுதி ஆய்வு

தையல் மிஷினை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதிரே நின்ற மாமனாரின் சட்டைப் பையில் செல்பேசி ஒலித்தது. கூடம் சின்னது. மிஷின் நகர்ந்தால்தான் கட்டில் நடுவே வரும்.

"சமையல்கட்டு ஓரமா வெச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிச் செய்தியைப் படித்தார்.

'தங்கள் கட்டடத்தின் இறுதி ஆய்வு இன்று பிற்பகல் 3.40 மணிக்குக் காணொளி வழியாக நடைபெறும். விண்ணப்பதாரர் தயார் நிலையில் இருக்கவும்.'

இரண்டு முறை படித்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். காலை ஆறரை மணிக்கு அவருடைய மனைவி படுக்கை விளிம்பில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "என்னமோ ஒரு மாதிரி இருக்குங்க," என்றாள். சீப்பைக் கீழே விழாமல் பக்கத்தில் வைத்தாள். சாய்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சீப்பு இன்னும் உள்ளறைப் படுக்கையில்தான் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாருப்பா?" என்று கேட்டாள் மகள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"மாநகராட்சி. மாடி ரூமுக்கு இன்ஸ்பெக்ஷனாம். மூணு நாப்பதுக்கு."

"இன்னைக்கா? கொடுங்க, நான் கேன்சல் பண்ணிடறேன்."

அவர் செல்பேசியைக் கொடுக்கவில்லை. ரத்து செய்தால் விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். இந்த நாள் கிடைக்கவே பதினொரு மாதம் ஆகியிருந்தது.

"வேண்டாம். பாத்துட்டுப் போகட்டும்," என்றார்.

வாசல் பக்கம் நின்ற மைத்துனர் திரும்பிப் பார்த்தார். இறந்தவளின் தம்பி. அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், நெஜமாத்தான் சொல்றீங்களா? அக்கா இங்க படுத்துக் கிடக்கா. அஞ்சு மணிக்கு எடுக்கணும். உங்களுக்கு இப்ப பர்மிட் முக்கியமா போச்சா?"

அவர் செல்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது அவள் கேட்ட அறை. அவளுக்காக அவர் கேட்ட ஒரே காகிதம் அதன் சான்றிதழ். அதை இன்றைக்கு ரத்து செய்ய அவருக்குக் கை வரவில்லை. இதை எப்படிச் சபையில் சொல்வது?

அவர் மாநகராட்சியின் கட்டடப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தவர். வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவது வேலை. ஆபீசில் அவருக்குப் பெயரே 'சீல் சார்'தான். அளவில் ஓர் அங்குலம் இடித்தாலும் கோப்பு திரும்பிப் போகும். ஒருமுறை, குடியேறலாம் என்கிற முடிவுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே ஒரு குடும்பம் புது வீட்டில் குடியேறி, பரண் இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போய்விட்டார். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது இவர். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை மனைவி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம்தான் எல்லாம் இணையத்துக்கு மாறியது. கோப்பு இல்லை, முத்திரை இல்லை, அதிகாரி நேரில் வருவதும் இல்லை. அதே வருஷம்தான் அவள் மாடியில் ஓர் அறை வேண்டும் என்று கேட்டாள். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கூடத்தில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். "தெருவைப் பாத்த மாதிரி ஒரு பெரிய ஜன்னல். அது போதும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றாள்.

அனுமதி வாங்கி அறையைக் கட்டி முடித்தாயிற்று. முடிவுச் சான்றிதழ்தான் வரவில்லை. முதல்முறை, வரைபடக் கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்ததாம், திரும்பி வந்தது. இரண்டாம்முறை கதவு எண் பழசாம். மூன்றாம்முறை புகைப்படம் தெளிவாக இல்லையாம். ஒவ்வொரு தடவையும் இவர் மாநகராட்சி இணையத்தளத்தின் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரிப்பாள். "நீங்க திருப்பி அனுப்பின ஃபைலெல்லாம் கூட்டமா நம்ம வாசலுக்கு வந்து நிக்குது, சீல் சார்."

ஒருநாள் கேட்டாள். "சான்றிதழ் வரும்போது வரட்டுங்க. நான் மேல போய் உக்காந்து தைக்கிறேனே. யாரு வந்து பாக்கப்போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்காக? வரட்டும், அப்புறம் ராணி மாதிரி உக்காந்துக்கோ."

அவள் மறுபடி கேட்கவில்லை. எதையும் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மதியத்துக்குள் மருமகன் அதே இணையத்தளத்தில் இறப்பைப் பதிவு செய்துவிட்டார். பிறப்பு, இறப்பு, குடிநீர், கட்டடம் எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. "பத்து நிமிஷத்துல நம்பர் வந்துடுச்சு மாமா," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் நிறுத்திக்கொண்டார். இவர் அந்த எண்ணை வாங்கிப் பார்த்தார். இலக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று வழக்கம்போல ஒருமுறை எண்ணினார்.

மூன்று நாற்பதுக்குச் சரியாக அழைப்பு வந்தது. திரையில் ஓர் இளம்பெண். காதில் கருவி, பின்னால் வெள்ளைச் சுவர்.

"வணக்கம் சார். நான் கட்டட ஆய்வாளர். வீடியோ தெருவுலேர்ந்து ஆரம்பிக்கணும். கதவு எண், வாசல், உள்ள, படி, மாடி, எல்லாம் ஒரே ஓட்டமா. நடுவுல கட் பண்ணக் கூடாது. கட் ஆனா சிஸ்டம் ஏத்துக்காது."

"தெரியும்மா," என்றார். வாசலுக்குப் போய்ச் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தார். கதவு எண் தெரிந்தது. தெருவில் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கூட்டமா இருக்கே, வீட்ல ஏதாவது விசேஷமா சார்?"

"உள்ள வர்றேம்மா," என்றார்.

மாடிப்படி கூடத்துக்கு அந்தப் புறம் இருந்தது. வேறு வழி இல்லை. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் செல்பேசியை எவ்வளவு உயர்த்திப் பிடித்தும் கட்டில் படத்துக்குள் வந்தது. வெள்ளைத் துணி, அதன் மேல் பூ, முகம். அவர் நடை தானாகவே மெதுவானது.

திரையில் அந்தப் பெண் காதிலிருந்த கருவியைத் தொட்டாள். "சார்... யாரு சார்?" என்றாள்.

"என் வீட்டுக்காரி. காலைல."

"ஐயோ. நாம வேற நாள் வெச்சுக்கலாம் சார். நான் மேலிடத்துல எழுதி..."

"எழுத முடியாதும்மா. அதுக்கு சிஸ்டத்துல இடம் இல்ல. நான் அந்த ஆபீஸ்லதான் இருந்தேன். நீங்க பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "சரி சார். படிக்குப் போங்க. பாத்து, மெதுவா ஏறுங்க. கைப்பிடி உயரத்தை டேப் வெச்சுக் காட்டணும்."

ஒரு கையில் செல்பேசி, ஒரு கையில் அளவுநாடா. நாடாவின் நுனி படியில் நிற்காமல் சுருண்டு சுருண்டு உள்ளே ஓடியது. மூன்றாம் முறை அது ஓடியபோது ஒரு கை வந்து நுனியைப் பிடித்துப் படியோடு அழுத்தியது. மைத்துனர். முகத்தைப் பார்க்கவில்லை.

"இழுங்க அத்தான்," என்றார்.

இருவருமாக ஏறினார்கள். கைப்பிடி, படியின் அகலம், திருப்பத்தில் தலைக்கு மேல் உள்ள உயரம். மைத்துனர் ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படித்தார். மேலே கதவு வந்தது. முழங்கால் வலியால் அவர் மாடிக்கு வந்தே இரண்டு மாதம் இருக்கும். பூட்டைத் திறந்து செல்பேசியை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஜன்னலோரம் ஜமக்காளம் ஒன்று நாலாக மடித்துப் போட்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த பள்ளம். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர், அடியில் காய்ந்த டீ. ஜன்னல் விளிம்பில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. மூன்று பித்தான்கள் தைத்து, நாலாவதில் ஊசி குத்தியபடி நின்றிருந்தது.

அவர் நின்றார். செல்பேசியும் அவரோடு அங்கேயே நின்றது.

மைத்துனர் எட்டு வைத்துப் போய், ஜமக்காளத்தை மறைத்தாற்போல் காலை அகட்டி நின்றுகொண்டார்.

"கொஞ்சம் நகருங்க சார். ஜன்னல் முழுசாத் தெரியணும்," என்றாள் ஆய்வாளர்.

மைத்துனர் இவரைப் பார்த்தார். இவர் தலையசைத்தார். மைத்துனர் நகர்ந்தார். ஜன்னல் முழுவதும் தெரிந்தது, அதன் கீழே இருந்ததும் தெரிந்தது. திரையில் அந்தப் பெண்ணின் கண்கள் ஓரிடத்தில் நின்று, பிறகு வேறிடத்துக்குப் போயின. ஜன்னலின் நீளம், அகலம் கேட்டாள். சொன்னார்கள். எழுதிக்கொண்டாள்.

"கடைசியா ஒரு கேள்வி சார். நான் கேட்டே ஆகணும், பதில் ரெக்கார்ட் ஆகும். சான்றிதழுக்கு முன்னாடி இந்த ரூமை யாராவது பயன்படுத்திட்டு இருக்காங்களா?"

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று பொய்யாக எழுதிய எத்தனையோ பேரின் கோப்புகளை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். சட்டையில் நின்ற ஊசியைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "யாரும் இல்ல."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சது சார். சான்றிதழ் இப்பவே வந்துரும்." அவள் திரையில் ஒருமுறை கைகூப்பினாள். "வெச்சிடறேன் சார்," என்றாள்.

மைத்துனர் நாடாவைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். அவர் தோளில் ஒரு கணம் கையை வைத்திருந்துவிட்டுக் கீழே போனார்.

மகள் மேலே வந்தபோது, அவர் ஜன்னலுக்கு எட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் ஜமக்காளத்தைப் பார்த்தாள். "தெரியும்ப்பா."

"எத்தனை நாளா?"

"பெயின்ட் காஞ்சதிலேர்ந்து. நீங்க மத்தியானம் லைப்ரரிக்குப் போனதும் அம்மா மேல வந்துடுவா. இங்கேர்ந்துதான் எனக்குப் போன் பண்ணுவா. காத்து எப்படி வருது தெரியுமாடின்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவா."

"நான் நாலரைக்கு வந்துருவேனே."

"அதான் ஜன்னல் இருக்கே." மகள் தெருப்பக்கம் கையைக் காட்டினாள். "நீங்க தெருமுனைல திரும்பறப்பவே தெரிஞ்சிடுமாம். உடனே எறங்க மாட்டா. போன்ல சொல்லிட்டே இருப்பா. 'உங்கப்பா வர்றாருடி. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு, கணக்குப் போட்டுக்கிட்டே நடக்கற மாதிரி வர்றாரு. இரு, இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும், பாத்துட்டுப் போறேன்'னு. நீங்க வாசல் கேட்டத் தொடறப்பதான் எறங்கி ஓடுவா."

கீழே யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். அவள் தயங்கினாள்.

"நீ போம்மா. நான் வர்றேன்."

செல்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. ஊசி குத்திய பள்ளிச் சட்டையை நலுங்காமல் நகர்த்தி வைத்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வலிக்கும் காலை நீட்டி, ஜமக்காளத்தில் மெதுவாக உட்கார்ந்தார். பள்ளம் அவருக்குச் சின்னதாக இருந்தது. அவள் சொன்னது சரிதான், நல்ல காற்று. தெரு, முனைவரைக்கும் ஒரே நேராகத் தெரிந்தது.

முனையில் யாரோ ஒருவர் திரும்பினார். கையில் துணிப்பை. துக்கத்துக்கு வருகிறவர் இல்லை, தன் வேலையாய்ப் போகிற ஆள். வெயிலுக்கு ஓரமாக, நிதானமாக நடந்து வந்தார். ஒரு வீட்டு முன்னால் நின்று பையைக் கை மாற்றிக்கொண்டார். மறுபடி நடந்தார்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் வீட்டைக் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.